ஐந்தாவது ஆணி

உலகத்தில் எத்தனையோ நகராட்சி அலுவலகங்கள் இருக்கின்றன. சில ஊர்களில் சாலை போடுகிறார்களாம். சில ஊர்களில் குழாயைத் திறந்தால் தண்ணீரே வருகிறதாம். அந்தச் சில்லறைப் பெருமையெல்லாம் அவர்களோடு இருக்கட்டும். செபூ தீவின் தென்கோடியில் உள்ள சான் பிளாசிடோ நகராட்சி அலுவலகத்துக்கு ஒரே ஒரு பெருமைதான் உண்டு; ஆனால் அது மனிதகுலத்துக்கே பொதுவான பெருமை. அந்த வாசலை மிதித்த ஒருவரைக்கூட அந்த அலுவலகம் வெறும் வயிற்றோடு அனுப்பியது கிடையாது. புகார் கொடுக்க வந்தவருக்கு நூடுல்ஸ் உண்டு. வரி கட்ட வந்தவருக்கு அரிசிப் புட்டு உண்டு. புகார் என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் குறுகிய புத்திக்காரர்கள். அவர்களுக்கும் நூடுல்ஸ் உண்டு.

இந்த மகத்தான நிர்வாகத்தைத் தாங்கி நின்றவள் எஸ்கொலாஸ்டிகா இபான்யெஸ். ஊருக்கு அவள் டிக்காய். பதவி: தற்காலிக எழுத்தர். இருபது வருஷமாகத் தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மேயர் கையெழுத்துப் போட்டால் வேலை நீளும், போடாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மேயர் இதுவரை போடாமல் இருந்ததில்லை. ஏனென்றால் டிக்காய்க்கு இன்னொரு பதவி இருந்தது. அவள்தான் ‘உபசரிப்புக் குழு’வின் தலைவி.

சும்மா சாப்பாடு பரிமாறுகிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். மாகாணத்திலிருந்து தணிக்கை அதிகாரிகள் வருவார்கள். கையில் கால்குலேட்டர், கண்ணில் சந்தேகம். வந்ததும் வராததுமாகப் புதுச் சந்தைக் கட்டடத்தின் கணக்கைக் கேட்பார்கள். “முதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க” என்று டிக்காய் கையைப் பிடித்து அழைத்துப் போவாள். தனியாகச் சாப்பிட விருந்தாளிக்குக் கூச்சமாக இருக்கும் இல்லையா? அதனால் அவளும் கூடவே உட்காருவாள். அவர் ஒரு தட்டு, அவள் ஒரு தட்டு. அவர் “போதும்” என்றால், “எனக்கே போதல, உங்களுக்கு எப்படிப் போதும்?” என்று இரண்டாவது தட்டைத் தானே தொடங்கி வைப்பாள். நூடுல்ஸ், பொரித்த சுருள், பன்றி ரத்தக் குழம்பு, கடைசியில் முட்டையும் பாலும் சர்க்கரையும் சேர்த்து வேகவைத்த லெச்சே ஃபிளான். மூன்று மணிக்குள் அதிகாரிகளின் கண் செருகிவிடும். புதுச் சந்தைக்கு இன்றுவரை கூரை கிடையாது. கணக்கு மட்டும் ‘திருப்திகரம்’.

அலுவலகத்தின் சாப்பாட்டு அறைச் சுவரில் நான்கு படங்கள் தொங்கின. டிக்காய்க்கு முன்னால் உபசரிப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கிய நால்வர். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் ‘பணியில் இருக்கும்போதே இறைவனிடம் சேர்ந்தார்’ என்று பொன்னெழுத்து. முதலாமவருக்கு நெஞ்சு வலி, இனிப்புக்குக் கை நீட்டியபோது. இரண்டாவது அம்மாளுக்குச் சர்க்கரை வியாதி; முதலில் ஒரு கால் போயிற்று, அப்புறம் மீதியும் போயிற்று. மூன்றாமவருக்கு ரத்தக் கொதிப்பு. நான்காவது, டிக்காய்க்கு இந்த வேலையைப் பழக்கிக் கொடுத்த பசீட்டா அக்கா. மதியச் சாப்பாட்டுக்கும் மாலைப் பலகாரத்துக்கும் நடுவில் சாய்ந்தவள்தான், எழுந்திருக்கவில்லை.

நான்காவது படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருந்தது. வெறும் ஆணி. அதே உயரம், அதே இடைவெளி. பசீட்டா அக்காவின் படத்தை மாட்ட வந்த தச்சர் ஏணியை விட்டு இறங்கும்போது சொன்னார்: “ஏறினது ஏறியாச்சு, அடுத்ததுக்கும் சேத்து அடிச்சிட்டேன். இன்னொரு தடவ ஏணி தூக்க வேணாம் பாருங்க.” அவருடைய தொலைநோக்கை மேயர் எவாரிஸ்தோ கைதட்டிப் பாராட்டினார்.

சாப்பாட்டு மேசையில் டிக்காயின் நாற்காலி அந்த ஆணிக்கு நேர் எதிரே இருந்தது. பல வருஷம் அவள் அதைக் கவனிக்கவில்லை. தட்டைக் கவனிக்கவே நேரம் சரியாக இருந்தது. அப்புறம் முழங்கால் பிடித்துக்கொண்டது. மாடிப்படி பாதியில் மூச்சு நின்று நின்று வந்தது. சர்க்கரை எகிறியது. ஒருநாள் விரலில் பட்ட வெட்டு வாரக்கணக்கில் ஆறாமல் கிடந்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தாள். ஆணியும் அவளைப் பார்த்தது. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு தட்டோடு எழுந்துவிட்டாள்.

அவளுடைய தங்கை மெர்லி செபூ நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வளைகுடாவில் உழைத்துச் சேர்த்துக்கொண்டு வந்த பணத்தை அக்காவுக்காக எடுத்து வைத்தாள். எடை குறைக்கும் அறுவை சிகிச்சை. வயிற்றில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு சின்ன வாழைப்பழ அளவுக்கு வைத்துத் தைத்துவிட்டார்கள்.

“அக்கா, நல்லாக் கேட்டுக்கோ. இப்ப உன்கிட்ட இருக்கிறது வயிறு இல்ல, பச்சைப் புண்ணு. மொத வாரம் தெளிஞ்ச தண்ணி, தெளிஞ்ச சாறு, அவ்வளவுதான். அப்புறம் பாலு, கஞ்சித் தண்ணி. மூணாவது வாரம் குழந்தைக்கு மசிக்கிற மாதிரி மசிச்சு ஊட்டிக்கோ. இந்த மருந்துக் கப்பு இருக்கு பாரு, இதுதான் உன் தட்டு, இதுதான் உன் கிளாஸ். மடமடன்னு குடிக்கக் கூடாது. ஒரு வாய், கொஞ்ச நேரம் சும்மா இரு, அடுத்த வாய்.”

“ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிக்கட்டா?”

“காத்து உள்ள போகும். கூடாது.”

“சாப்பிடும்போது தண்ணி?”

“கூடாது.”

“எண்ணெயில பொரிச்சது...”

“அக்கா!”

“சும்மா கேட்டேன்டி.”

“தையல் ஆறுறதுக்குள்ள கெட்டியா எதையாவது முழுங்கி, அது பிரிஞ்சு வயித்துக்குள்ள கசிஞ்சுதுன்னு வை, உன்ன நான் திரும்ப மேசையில படுக்கப் போட்டுத்தான் பாக்கணும். எழுந்திருப்பியான்னு சொல்ல முடியாது. புரியுதா?”

டிக்காய்க்குப் புரிந்தது. ஆனால் அலுவலகத்துக்கு எப்படிப் புரியவைப்பது? வயிறே இல்லாதவள் உபசரிப்புக் குழுவில் எதை வைத்து உட்காருவாள்? அந்தக் குழு இல்லாவிட்டால் அடுத்த கையெழுத்து எங்கிருந்து வரும்? அதனால் பித்தப்பையில் கல் எடுத்ததாகச் சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

அவள் மேசை நிறைந்திருந்தது. நலம் விசாரிக்கிற வழக்கம் அந்த ஊரில் வாயால் மட்டும் கிடையாது. கணக்குப் பிரிவு புட்டு வைத்திருந்தது. பொறியியல் பிரிவு ஒரு முழு வறுத்த கோழி. கல்லெடுத்த வயிற்றுக்கு நல்லது என்று சுகாதாரப் பிரிவு பன்றிக்கால் சூப் அனுப்பியிருந்தது. மேலே ஒரு விரல் கனத்துக்குக் கொழுப்பு மிதந்தது. டிக்காய் எல்லோருக்கும் நன்றி சொன்னாள், எல்லாவற்றையும் ஓரமாக நகர்த்தினாள், மேசைக்கடியில் குனிந்து மருந்துக் கப்பில் ஒரு வாய் குடித்தாள். காத்திருந்தாள். இன்னொரு வாய் குடித்தாள்.

மத்தியானத்துக்குள் கட்டடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. டிக்காய் மேசைக்கடியில் ‘அடிக்கிறாள்’. சான் பிளாசிடோவில் குடிப்பது தப்பில்லை. ஒரே கிளாஸை வட்டமாகச் சுற்றவிட்டுக் குடிப்பது ஊர் ஒற்றுமை. தனியாகக் குடிப்பதுதான் ஒழுக்கக்கேடு. சாயங்காலம் பக்கத்து மேசை ரோடெல் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான். முப்பது வயசு, நல்ல பசி, நல்ல மனசு.

“அக்கா, நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்.”

“எதைடா?”

“சின்னக் கப்பு. மேசைக்கடி. ரம்மா, கள்ளா? எனக்கும் ஒரு ரவுண்டு விடுங்க. தனியா அடிச்சா உடம்புக்கு ஆகாது.”

அவள் தடுப்பதற்குள் கப்பை எடுத்து அண்ணாந்து வாயில் கவிழ்த்தான். முகம் மாறியது.

“அக்கா... இது கோழிச் சாறு!”

“ஆமா.”

“உப்புகூட இல்ல!”

“இல்ல.”

“இதையா ஒளிஞ்சு குடிக்கிறீங்க?” அவன் உண்மையிலேயே அதிர்ந்து போயிருந்தான். ரம்மாக இருந்திருந்தால் மன்னித்திருப்பான். “வீட்ல ஏதாவது பிரச்சினையா?”

டிக்காய் வாயில் வந்ததைச் சொன்னாள்: “குழந்தை இயேசுவுக்கு நேர்ந்துக்கிட்டேன்டா. கல்லு நல்லபடியா வந்துட்டா விருந்துச் சாப்பாடு தொடறதில்லன்னு.”

“எத்தன நாளைக்கு?”

“அது எனக்கும் குழந்தைக்கும் நடுவுல.”

ரோடெல் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். நேர்த்திக்கடன் என்றால் அந்த ஊரில் மறுபேச்சு கிடையாது. யாரும் அவளைச் சாப்பிடச் சொல்லவில்லை. தட்டைக் கொண்டுவந்து மூக்குக்குக் கீழே பிடித்து, “வாசம் மட்டும் பிடிங்க, வாசத்துக்கு நேர்ந்துக்கலையே” என்று சொல்வதோடு நிறுத்திக்கொண்டார்கள். டிக்காய்க்குப் பெரிய நிம்மதி. இரண்டாவது வாரம் பாலும் கஞ்சித் தண்ணியுமாக ஓடியது. எடை மளமளவென்று இறங்கியது. மாடிப்படியில் நடுவில் நிற்காமல் ஏறினாள். யாரும் பார்க்காதபோது இன்னொரு தடவை இறங்கி ஏறிப் பார்த்தாள்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் ஆரோக்கியம் குறுக்கே வந்தது.

மாகாணத் தலைமையகத்திலிருந்து ஓர் உத்தரவு. ஊழியர்கள் எல்லோரும் பத்தே நாளில் எடை குறைக்க வேண்டும். சராசரியில் அதிகம் குறைக்கிற நகராட்சிக்குக் கேடயம். பணியாளர் பிரிவுத் தலைவி டோம்னினா அம்மாள் உடனே களத்தில் இறங்கினாள். ‘மெலிந்த அலுவலகம், விரைந்த சேவை’ என்று துணியில் எழுதி வாசலில் கட்டினாள். அடுத்தடுத்த இரண்டு திங்கட்கிழமை காலையிலும் எல்லோரையும் எடை மேடையில் ஏற்றினாள். ஏறி இறங்கியவர்கள் சோர்ந்துவிடக் கூடாது என்று பக்கத்திலேயே பொரித்த வாழைப்பழம் வைத்தாள். எடை ஏறியவருக்கு ஆறுதலாக இரண்டு.

இரண்டாவது திங்கட்கிழமை கணக்குப் பார்த்தார்கள். டோம்னினா அம்மாளே சில கிலோ முன்னேறியிருந்தாள். மேயரின் எடையைக் காட்ட மேடை மறுத்துவிட்டது. எல்லோரும் ஏறியிருந்தார்கள், டிக்காய் ஒருத்தியைத் தவிர. ஆனால் அவள் இறங்கியது எவ்வளவு தெரியுமா? அத்தனை பேர் ஏற்றியதையும் விழுங்கிவிட்டு, சராசரியையும் கீழே இழுத்துவிட்டாள். மற்ற ஊர்களில் அப்படி ஒருத்தி இல்லை, தோற்றன. கேடயம் சான் பிளாசிடோவுக்கு.

மேயர் எவாரிஸ்தோ அவளைத் தன் அறைக்கு அழைத்தார். அவர் வாயில் ஏதோ இருந்தது, எப்போதும் இருக்கும்.

“டிக்காய்! நம்ம ஊர் மானத்தைக் காப்பாத்திட்டம்மா! எப்படிக் குறைச்சே?”

“அது வந்து மேயர்...”

“என் தலைமையில குறைச்சேன்னு சொல்லு. பேட்டியில அப்படித்தான் போட்டிருக்கேன். வர்ற வெள்ளிக்கிழமை விழா. மூணு லெச்சோன் சொல்லியாச்சு.”

லெச்சோன் என்றால் முழுப் பன்றியைக் கரி நெருப்பில் திருப்பித் திருப்பி வாட்டி, தோல் கண்ணாடியாக மின்னும்போது இறக்குவது. டிக்காய் எச்சில் விழுங்கினாள். அதுவும் மெதுவாகத்தான் இறங்கியது.

“எடை குறைஞ்சதுக்கு மூணு பன்னியா, மேயர்?”

“ரெண்டு போதாதும்மா. அப்புறம், உன் நீட்டிப்பு உத்தரவு இதோ சட்டைப் பையில இருக்கு. மேடையிலயே போட்டுடறேன். நீ மொத வாய் சாப்பிடற, நான் கையெழுத்துப் போடறேன், ஃபோட்டோ எடுக்கறாங்க. எப்படி?”

“எனக்கு நேர்த்திக்கடன் இருக்கே...”

“அத நான் பாத்துக்கறேன்.”

அந்த அலுவலகத்தில் விழா நாயகர் முதல் வாயை விழுங்கிய பிறகுதான் மற்றவர்கள் கரண்டியைத் தொட வேண்டும். அது மரபு. மேயரின் அப்பா மேயராக இருந்த காலத்திலிருந்து வருகிற மரபு. வீட்டுக்குப் போனதும் தங்கையை அழைத்தாள்.

“வேலை போனாப் போகட்டும்க்கா.”

“போகட்டும்னு சொல்ல நீ யாருடி? இருபது வருஷம் தேய்ஞ்சிருக்கேன். இந்த ஜூன்ல நிரந்தரம் பண்ணிடுவாங்கன்னு சொல்லியிருக்காங்க.”

“எந்த ஜூன்ல?”

“ஒவ்வொரு ஜூன்லயும்தான்.”

“உயிரோட இருந்தாத்தானே அக்கா நிரந்தரம்?” என்றாள் மெர்லி.

“வாயில வெச்சுக்கலாமா? வெச்சு மெல்லலாமா?”

“மெல்லு. விடிய விடிய மெல்லு. முழுங்காத.”

வெள்ளிக்கிழமை நகராட்சி மண்டபம் ஜொலித்தது. மேடையில் மூன்று லெச்சோன்கள் வரிசையாகப் படுத்திருந்தன. பின்னால் பெரிய பேனரில் டிக்காயின் படம்; ‘ஆரோக்கியத்தின் முகம்’ என்று எழுத்து. தலைக்கு மேலே மின்விசிறிகள் அனல் காற்றைச் சுழற்றின. ஊழியர்கள் தட்டும் கையுமாக நின்றார்கள். சில பெண்களின் கைப்பையில் மடித்த பிளாஸ்டிக் பைகள் தயாராக இருந்தன. விழா முடிந்தால் வீட்டுக்கும் கொஞ்சம் போக வேண்டாமா? மேயருக்குப் பக்கத்தில் பங்குத் தந்தை அன்செல்மோ உட்கார்ந்திருந்தார். அவர் கண் தோலை விட்டு நகரவில்லை.

மேயர் ஒலிபெருக்கியை அவரிடம் நீட்டினார்.

“அன்பார்ந்த சகோதர சகோதரிகளே,” என்றார் ஃபாதர். “நம் சகோதரி குழந்தை இயேசுவுக்கு நேர்ந்துகொண்டது பாராட்டத்தக்கது. ஆனால் குழந்தை பெருந்தன்மையுள்ளவர். ஊரின் நன்மையைக் கருதி, திருச்சபை எனக்களித்த அதிகாரத்தின்படி, சகோதரி எஸ்கொலாஸ்டிகாவுக்கு இன்று ஒரு நாள் மட்டும் விலக்கு அளிக்கிறேன். தோல், சதை இரண்டுக்கும்.”

மண்டபம் கைதட்டியது. டிக்காய் திகைத்து நின்றாள். தப்பிக்க அவள் நம்பியிருந்தது அந்த ஒரே கதவைத்தான். அதையும் சாத்திவிட்டு ஆமென் சொல்லிவிட்டார்கள்.

தட்டின் விளிம்பால் முதுகுத் தோலைச் சடக் சடக்கென்று உடைத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டை டோம்னினா அம்மாள் நீட்டினாள். டிக்காய் அதில் ஓர் ஓரத்தைக் கடித்து வாயில் போட்டாள். மேயர் பேனாவைத் திறந்தார். புகைப்படக்காரர் குனிந்தார்.

டிக்காய் மென்றாள்.

உப்பும் கொழுப்பும் நாக்கில் கரைந்தபோது அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இருபது நாளாகக் கோழித் தண்ணியைக் குடித்த நாக்கு. விழுங்கு, விழுங்கு என்று தொண்டை கெஞ்சியது. அவள் மென்றுகொண்டே இருந்தாள்.

“என்ன பக்தி பாருங்க,” என்றார் ஃபாதர்.

“எப்படி ரசிச்சுச் சாப்பிடறா!” என்றாள் டோம்னினா அம்மாள்.

மேயர் நேரத்தை வீணாக்காமல் தன் தலைமையைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். டிக்காய் மென்றுகொண்டிருந்தாள். தன் அப்பாவின் தலைமையைப் பற்றி இன்னொன்று ஆற்றினார். திரும்பினார். மென்றுகொண்டிருந்தாள்.

“முழுங்கு டிக்காய்,” என்று ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டு சொன்னார்.

அவள் தலையாட்டினாள், மென்றாள்.

ஓர் அரசு நிறுவனத்தின் உறுதியைச் சோதிக்க நிலநடுக்கம் தேவையில்லை, மதியச் சாப்பாடு அரைமணி நேரம் தள்ளிப்போனால் போதும். பொறியியல் பிரிவில் ஒருவர் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார். வரிப் பிரிவில் இரண்டு பேருக்குள் எந்தக் காரணமும் இல்லாமல் சண்டை வந்தது. இதற்கெல்லாம் மேலே, பின்வரிசையிலிருந்து ஓர் அலறல் கேட்டது.

“தோல் நமுத்துப் போகுது!”

நமுத்த லெச்சோன் தோலைப் போல் அந்த ஊரை உலுக்குவது வேறு எதுவும் கிடையாது. புயல் வந்தபோதுகூட இப்படி யாரும் முன்னால் ஓடிவந்ததில்லை.

“அடியே, முழுங்கித் தொலையேன்டி! பாவி, மூணு பன்னி!” என்று டோம்னினா அம்மாள் கையைப் பிசைந்தாள்.

“அக்கா, ஒரே ஒரு முழுங்கு! எங்களுக்காக!” என்றான் ரோடெல். அவன் குரலில் உண்மையான வேதனை இருந்தது.

“விலக்கு குடுத்தாச்சும்மா,” என்று ஃபாதர் கெஞ்சினார்.

மேயர் உத்தரவை அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். பேனா முனை தாளைத் தொட்டும் தொடாமலும் நின்றது. “முழுங்கினா இது உனக்கு. இல்லேன்னா திங்கட்கிழமை வராத.”

டிக்காய் அந்தத் தாளைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். எல்லோரும் அவளுடைய தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது வருஷமும் அங்கேயேதான் பார்த்திருக்கிறார்கள். மண்டபத்துக்குப் பின்னால் சாப்பாட்டு அறைக் கதவு திறந்து கிடந்தது. அதன் வழியே நான்கு படங்களும் தெரிந்தன. ஐந்தாவது ஆணியும் தெரிந்தது.

அவளுக்கு வந்ததே கோபம்! கைக்குட்டையை எடுத்தாள். வாயிலிருந்ததை அதில் துப்பினாள். மண்டபமே “ஐயோ!” என்றது. யாரோ அழுதேவிட்டார்கள். டிக்காய் ஒலிபெருக்கியைப் பிடுங்கினாள்.

“எனக்கு நேர்த்திக்கடனும் இல்ல, பித்தக்கல்லும் இல்ல. என் வயித்துல முக்கால்வாசியை வெட்டி எடுத்துட்டாங்க. மிச்சம் இருக்கிறது ஒரு சின்ன வாழைப்பழம் அளவு. தையல் ஆறல. இதை முழுங்கியிருந்தா உங்க முன்னாடியே சுருண்டு விழுந்திருப்பேன். நீங்க எல்லாரும் என்மேல பாசமா இருக்கீங்க, தெரியும். பசீட்டா அக்கா மேலயும் பாசமாத்தான் இருந்தீங்க. அந்த ஆணி எனக்குத்தானே? எனக்கு வேணாம். நான் உயிரோட இருக்கணும்.”

இருபது வருஷம் ஒன்றாக உட்கார்ந்து உண்டவர்கள். அவள் குரல் நடுங்கியதை எல்லோரும் கேட்டார்கள். ரோடெலின் கண் கலங்கியிருந்தது. அவன்தான் முதலில் கையை உயர்த்தினான்.

“அப்ப அக்கா... உங்க பங்கு?”

அவ்வளவுதான். அப்புறம் நடந்ததை நான் விவரிக்கத் தேவையில்லை. அவள் தட்டில் மிச்சமிருந்த தோலுக்கு மட்டும் பதினோரு கைகள் வந்தன. பிளாஸ்டிக் பைகள் படபடவென்று விரிந்தன. ஃபாதர் தனக்குத் தானே ஒரு விலக்கு அளித்துக்கொண்டு கழுத்துப் பகுதிக்குப் பாய்ந்தார். மேயர் பேனாவை மூடிப் பையில் செருகிவிட்டுக் கரண்டியை எடுத்தார். தையல் வலிக்கிறதா என்று கேட்க யாருக்கும் வாய் காலியாக இல்லை.

முதல் தட்டு முடிந்த பிறகு மேயருக்குப் பேச்சு வந்தது.

“வெட்டிக்கிட்டுக் குறைச்சேன்னு நீ முன்னாலயே சொல்லியிருக்கணும். இது மோசடி, டிக்காய்.”

“அப்ப கேடயத்தைத் திருப்பிக் குடுத்துடலாமா, மேயர்?”

“கேடயம் கேடயம்தான்.”

கேடயம் இருக்கிறவரை அவளை அனுப்பவும் முடியவில்லை. பேனரில் இருப்பது அவள் முகமாயிற்றே. அதனால் ஒரு தண்டனையைக் கண்டுபிடித்தார்கள். கையெழுத்தும் கிடைத்தது, ‘தற்காலிகம்’ என்ற சொல்லும் பத்திரமாக இருந்தது. ஆனால் உபசரிப்புக் குழுவிலிருந்து நீக்கி, கீழ்த்தளத்தில் இறப்புகளைப் பதிவு செய்கிற ஜன்னலுக்கு மாற்றினார்கள். அங்கே வருகிறவர்கள் எதையும் தின்னக் கொடுப்பதில்லை. அழுதுவிட்டு, சான்றிதழை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். டிக்காய் மருந்துக் கப்பை மேசைமேலேயே வைத்துக்கொண்டாள். நாலாவது வாரம் மசித்த மீன் சாப்பிட்டாள். அப்புறம் முட்டை. யாரும் வற்புறுத்தாத ஒரு முட்டை எவ்வளவு ருசி என்று தங்கையிடம் ஃபோனில் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். விரல் வெட்டு ஆறியது.

உபசரிப்புக் குழுவுக்கு ரோடெல் தலைவன் ஆனான். புதிய தணிக்கை அதிகாரிகள் வந்தார்கள், மூன்று மணிக்குத் தூங்கினார்கள். சந்தைக்குக் கூரை வரவில்லை. ரோடெலுக்குச் சட்டைப் பொத்தான் எட்டவில்லை. மாடிப்படியில் அவன் நின்று மூச்சு வாங்குவதை டிக்காய் கீழே தன் ஜன்னலிலிருந்து பார்த்தாள். மனசு கேட்கவில்லை. அடுத்த ஊழியர் கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

“அந்த ஆணியையாவது பிடுங்கிடலாமே.”

மேயர் யோசித்தார். ஆணி நகராட்சிச் சொத்து. சொத்தை அப்புறப்படுத்தத் தீர்மானம் வேண்டும். விவாதம் நடந்தது, பலகாரமும் வந்தது. கடைசியில் ‘எதிர்காலத் தேவையைக் கருதி மேற்படி ஆணி இருக்கும் இடத்திலேயே இருந்துவர வேண்டியது’ என்று ஒருமனதாக முடிவாயிற்று. முன்மொழிந்தவள் டோம்னினா அம்மாள். வாய் நிறைய இருந்ததால் தலையை மட்டும் ஆட்டி வழிமொழிந்தவன் ரோடெல்.

ஆணி உறுதியாக இருக்கிறதா என்று பார்க்கத் தச்சரை அழைத்தார்கள். அவர் ஏணியில் ஏறி அசைத்துப் பார்த்தார். உறுதியாகத்தான் இருந்தது. ஏறினது ஏறியாச்சு என்று ஆறாவதையும் அடித்துவிட்டு இறங்கினார். கீழே அவருக்கு ஒரு தட்டு நூடுல்ஸ் காத்திருந்தது. சான் பிளாசிடோ அலுவலகம் யாரையும் வெறும் வயிற்றோடு அனுப்பாது என்று முதலிலேயே சொன்னேன். எங்கே அனுப்பும் என்பதைத்தான் சொல்லாமல் விட்டிருந்தேன்.